சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கும் மாமியார்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. சாயங்காலம் ஆனால் மஞ்சப் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு, "எங்க வூட்டுக்குப் போவணும்" என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். இதுதான் வீடு என்றால் அடிக்க வருகிறார். வளையலை நான் திருடிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்கிறார். தாங்க முடியவில்லை.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வளையலை முதலில் பேசிவிடலாம். உங்கள் கடிதத்தில் அந்த வரியில்தான் பேனா அழுந்தியிருக்கிறது.

வைத்த இடம் அவருக்கு மறந்துவிட்டது. மறந்ததும் மறந்துவிட்டது. காணோம் என்பது மட்டும் மனதில் நிற்கிறது. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள். என் அம்மாவும் என்னைத்தான் சொன்னாள். மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் என் தம்பி ஒருநாளும் திருடன் ஆனதில்லை! "நான் எடுக்கலை" என்று வாதாடாதீர்கள். "வாங்க அத்தை, தேடலாம்" என்று கூடவே தேடுங்கள். அரிசி டப்பா, தலையணை உறை எல்லாம் பாருங்கள். தங்கத்தைப் பூட்டி வைத்துவிட்டுக் கவரிங் போட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தில் இது நோய் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த வீடு. வேலூர் கோட்டைக் கோயிலுக்குக் கூப்பிட்டால் என் அம்மா, "அங்க இன்னாத்துக்கு? சாமி சத்துவாச்சாரியிலதான கீறாரு" என்பாள். அந்தக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் நெடுநாள் பக்கத்துச் சத்துவாச்சாரியில்தான் இருந்தார்; அங்கிருந்து கோட்டைக்குத் திரும்பியது 1981-ல். அதற்குப் பிறகு எத்தனை பிரதோஷத்துக்குக் கோட்டைக்குப் போயிருப்பாள்! அத்தனையும் அழிந்துபோயிற்று. இந்த நோயில் பெரும்பாலும் புதிய நினைவு முதலில் கழன்றுகொள்ளும், பழசு நெடுநாள் ஒட்டியிருக்கும். நானும் ஆரம்பத்தில் வருஷம் சொல்லித் திருத்தினேன், முப்பது வருட நர்ஸ் ஆயிற்றே. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள், "சரிம்மா, சத்துவாச்சாரிக்கே போலாம்" என்று தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனேன். ஒரு முழம் பூ வாங்கினோம், திரும்பினோம். அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் கேட்பது அநேகமாக அவர் பிறந்த வீடு. அங்கே யார் இருப்பார்கள் என்று கேளுங்கள், பேசட்டும். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். நாலு மணிக்கே கைக்கு வேலை கொடுங்கள்: மடியில் ஒரு முறம், பீடி இலை அளவுக்கு நறுக்கிய காகிதம். கத்தரி மட்டும் வேண்டாம். மனம் விட்டதை விரல் விடாமல் வைத்திருக்கும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் முற்றினால் நோய் வளர்ந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நம் வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காதது, இவையே போதும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யாமல் இருந்தால் கேட்டுச் செய்யுங்கள். அந்தக் குறைகளும் மறதியைத் தரும், சரிசெய்யக் கூடியவை. தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவை அவரிடம் விட்டுவிட்டு, தாய்வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு வளையலை எடுத்தவர் அவராக இருக்கட்டும்.