சட்டம் போட்டால் பிள்ளைகள் சைக்கிள் ஹெல்மெட் அணிவார்களா?

சைக்கிள் ஹெல்மெட் சட்டம் என்பது, குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் (சில நாடுகளில் எல்லோருமே) ஹெல்மெட் இல்லாமல் சைக்கிள் ஓட்டக் கூடாது என்ற விதி. சட்டம் போட்டால் பெரும்பாலும் பலன் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹோவர்ட் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 1990-இல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன் சாலையில் கவனித்தபோது 4% பிள்ளைகள்தான் அணிந்திருந்தார்கள், அப்புறம் 47%. பக்கத்து மான்ட்கோமரி கவுண்டியில் அப்போது விழிப்புணர்வுப் பிரசாரம் மட்டும்தான். அங்கே 8% என்பது 19% ஆனது, அவ்வளவே.

பிள்ளைகள் ஹெல்மெட்டைத் தவிர்ப்பதற்குக் கூட்டாளிகளின் கேலிக்குப் பயப்படுவதும் ஒரு காரணம். பள்ளிச் சீருடை மாதிரி, எல்லோரும் போட்டால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். அப்பா அம்மாவுக்கும் "சட்டம் இருக்கு, போட்டுக்கோ" என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது.

தலையில் ஹெல்மெட் இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தாடைக்கு அடியில் வார் தளர்வாக இருந்தால், விழும்போது ஹெல்மெட் கழன்றுவிடலாம்.