தலைமடைக்காரரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: எங்கள் வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் வைத்திருக்கும் தலைமடைப் பெரியவர் ஒருவர் மணல் மூட்டை போட்டு அடைத்துவிடுகிறார். முறை வைத்து விடும் தண்ணீர் வந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு எட்டுவதில்லை. நியாயம் பேசப் போனால் சண்டையில் முடிகிறது. புகார் கொடுக்காமல் அவரைச் சம்மதிக்க வைக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம் வட்டம்

பதில்: உண்டு. முதலில் அவர் ஏன் அடைக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வயல் மேடாக இருக்கும். வாய்க்காலில் மட்டம் ஒரு சாண் உயர்ந்தால்தான் அவர் மடையில் தண்ணீர் ஏறும். அது தெரியாமல் "மனசாட்சி இருக்கா?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

நியாயத்தை அவருக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கர்நாடகத்திலிருந்து காவிரி நீர் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) வரவேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதை டெல்டாவில் தன் உரிமையாக நினைக்காத விவசாயி யார்? மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு உரியதை விடவேண்டும் என்பதில் அவரும் நீங்களும் ஒரே கட்சி. ஆனால் "நீங்க மட்டும் அடைக்கலாமா?" என்று அதையே திருப்பிக் கேட்டால் வசவாகிவிடும். "ஜூன் 12-ல மேட்டூர் திறக்கலைன்னா நாம எல்லாரும் தவிக்கிறோம். அந்தத் தவிப்பு உங்களுக்குத் தெரியாததா மாமா?" என்று கேளுங்கள். இதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும், தலைகுனியத் தேவையில்லை.

விடிகாலையில், அவர் வயலுக்கு வரும் நேரத்தில், இரண்டு பேர் போனால் போதும். ஒருவர் அவர் மதிக்கும் ஆளாக இருக்கட்டும். டீக்கடையில் நாலு பேர் முன்னால் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அடைப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

அவர் குறையைச் சொல்லி முடிக்கட்டும். பிறகு ஒரே ஒரு முறைக்கு மட்டும் கேளுங்கள்: மாலை 6 முதல் காலை 6 வரை அவருக்கு, அதன்பின் திறப்பு. வயலில் 5 செ.மீ. நின்றால் போதும், அது வற்றி ஒரு நாள் கழித்து அடுத்த பாய்ச்சல். நெற்பயிர் பொதி கட்டியதிலிருந்து, அதாவது கதிர் தண்டுக்குள் திரண்டதிலிருந்து, பூத்து முடியும்வரை மட்டும் அவர் வயலைக் காயவிடச் சொல்லாதீர்கள். பதர் விழுந்தால் பழி உங்கள் மேல்தான்.

மூட்டைக்குப் பதில் மரப்பலகை போடலாம் என்று சொல்லுங்கள். நனைந்த மூட்டையைத் தூக்குவது பெரும்பாடு. கிழிந்தால் மணல் வாய்க்காலிலேயே தங்கும். பலகையை ஒரு ஆளே உருவிவிடலாம். செலவையும், அவர் வயலோரம் தூர்வாரும் வேலையையும் கடைமடைக்காரர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மேட்டைச் சமன்படுத்துவதை அறுவடைக்குப் பிறகு பார்க்கலாம்.

ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் இரண்டாவது முறையில்தான். யாராவது பொறுமையிழந்து நடுராத்திரியில் பலகையை உருவிவிடுவார்கள். மறுநாளே மூட்டை திரும்பிவிடும். ஆகவே பலகையை எடுப்பது அவர் கையாலேயே நடக்கட்டும். இத்தனைக்குப் பிறகும் மறுத்தால் நீர்வளத் துறை அலுவலகம் இருக்கிறது. போவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.