நாற்காலி மாறியதால் தோற்ற மேட்ச்

வணக்கம் சார்,

இலக்கியம் பற்றி எழுதுகிறவரிடம் கிரிக்கெட் பற்றிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. ரெண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன். எனக்கு வயது 43. தஞ்சாவூர் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2008-லிருந்து சிஎஸ்கே (சென்னை சூப்பர் கிங்ஸ்) ரசிகன்.

2019 மே 12, ஹைதராபாத்தில் நடந்த ஐபிஎல் இறுதிப்போட்டி உங்களுக்கு நினைவிருக்கலாம். மும்பை 149. நாம் 148. கடைசிப் பந்தில் ரெண்டு ரன் வேண்டும், மலிங்கா போட்ட பந்தை ஷர்துல் தாகூர் காலில் வாங்கி அவுட்டானார். அன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் 2021-லும் 2023-லும் கோப்பை வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடைசி ஓவரை இன்றுவரை நான் திரும்பப் பார்த்ததில்லை. டிவியில் போட்டால் சேனலை மாற்றிவிடுவேன்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஆரம்பத்திலிருந்து நான் ஜன்னலோரம் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாவது ஓவரில் என் மச்சினன் வந்தான். எழுந்து அவனுக்கு இடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அடுத்த ஓவரில் தோனி ரன் அவுட். அபத்தம் என்று தெரியும். ஆனால் அதிலிருந்து மேட்ச் நாளில் அவனை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. இப்போது பதினோரு வயது மகள் என்னோடு உட்கார்ந்து பார்க்கிறாள். "மேட்ச் அன்னைக்கு மட்டும் ஏம்ப்பா மாமாவைக் கூப்பிட மாட்டேங்கறே?" என்று போன வாரம் கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை.

"கோடி கோடியாச் சம்பாதிக்கிறவங்க தோத்தா உங்களுக்கென்ன?" என்கிறாள் மனைவி. நியாயமான கேள்விதான். இருந்தும் ஏன் சார் இப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதில் பணத்துக்கு வேலையில்லை. அவர்கள் சம்பளம் வாங்காமல் ஆடியிருந்தாலும் நீங்கள் மொட்டை மாடிக்குப் போயிருப்பீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் வெட்கத்தோடு சொன்ன விஷயம்தான். அப்பா இறந்தபோது வராத அழுகை ஏன் ஒரு மேட்ச்சுக்கு வந்தது?

அப்பா இறந்த அன்று உங்களுக்கு எத்தனை வேலை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்வது, பந்தல், நாற்காலி, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு. மறுநாள் பால் தெளிக்கப் போக வேண்டும். அப்புறம் பதினாறாம் நாள் வரை ஒருவர் மாற்றி ஒருவர் வந்து துக்கம் விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். அதே கதையை இருபது பேரிடமாவது சொல்லியிருப்பீர்கள். துக்கத்தில் மனிதனைச் சும்மா உட்காரவிடக் கூடாது என்பது நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மே 12 ராத்திரி உங்களுக்கு என்ன வேலை இருந்தது? டிவியை அணைப்பது. அவ்வளவுதான். மறுநாள் யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. வந்ததெல்லாம் மீம்ஸ்.

ஆடியவர்களுக்கு அப்படியில்லை. நம் தொடக்க ஆட்டக்காரர் வாட்சன் அன்று 59 பந்தில் 80 அடித்தார். பேண்ட்டின் முழங்கால் பக்கம் ரத்தம் நனைந்திருந்த படத்தை மறுநாள் ஹர்பஜன் சிங் வெளியிட்டபோதுதான், டைவ் அடித்ததில் காயம்பட்டு யாரிடமும் சொல்லாமல் ஆடினார், மேட்ச் முடிந்தபின் ஆறு தையல் போட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்தது. சொல்வது கொடூரமாகத் தோன்றலாம், ஆனால் தோற்ற ராத்திரியில் தையல் போட்டுக்கொள்வது ஒரு வேலை. பெட்டி கட்டுவதும் வேலைதான். ரசிகனுக்கு அந்த வசதிகூடக் கிடையாது.

இது டிவி ரசிகனின் பிரச்சினை என்று நினைக்கிறேன். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, நான் சேப்பாக்கம் கேலரியில் இருந்தேன். பாகிஸ்தானோடு டெஸ்ட், நான்காம் நாள், இலக்கு 271. 82-க்கு ஐந்து விக்கெட் போனபோதே பாதிப் பேர் கிளம்பியிருக்க வேண்டும், யாரும் கிளம்பவில்லை. முதுகுவலியோடு டெண்டுல்கர் ஒரு முனையில் நிற்க, மோங்கியாவும் கூட நின்றார். டெண்டுல்கர் 136-ல் சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கியடித்து அவுட்டானபோது இன்னும் 17 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோற்றோம். கடைசி விக்கெட் விழுந்ததும் மைதானத்தில் ஒரு மௌனம். ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது, எனக்கு அது ரொம்ப நேரமாகத் தெரிந்தது. எங்கிருந்தோ கைதட்டல் ஆரம்பித்தது. அப்புறம் மொத்த மைதானமும் எழுந்து நின்று தட்டியது. பாகிஸ்தான் அணி அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி ஓடியது.

சென்னை ரசிகர்களின் பெருந்தன்மை என்று அதைப் பற்றி இன்றுவரை எழுதுகிறார்கள். எழுதட்டும். தட்டியவர்களில் ஒருவனாக ஒன்று சொல்கிறேன்: அந்த நிமிஷம் எங்களுக்கு வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. கை சும்மா இருக்க முடியவில்லை, தட்டினோம். தட்டத் தட்டத்தான் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. பிறகு வாலாஜா சாலையில் ஆயிரக்கணக்கான பேர் பேசாமல் நடந்தோம். முன்பின் தெரியாத ஒருவர் என் தோளில் கைபோட்டு, "மோங்கியா ஏன் சார் தூக்கி அடிச்சான்?" என்றார். திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை வாசலில் நின்று அதையே அரைமணி நேரம் பேசினோம். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. துக்கம் விசாரிப்பு என்றால் அதுதான். வீட்டுக்கு வந்தபோது பசித்தது, சாப்பிட்டேன்.

உங்களுக்கு வாலாஜா சாலை கிடைக்கவில்லை. அந்த 2019 இறுதிப்போட்டி முதலில் சென்னையில் நடப்பதாகத்தான் இருந்தது. சேப்பாக்கத்தில் பூட்டிக் கிடந்த மூன்று கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காமல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. சென்னையில் நடந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லவில்லை. அந்த வருஷம் மும்பை நம்மை நான்கு தடவை தோற்கடித்தது, அதில் இரண்டு சேப்பாக்கத்திலேயே. ஆனால் தோற்றாலும் கூட நடந்துவர ஆள் இருந்திருக்கும்.

சரி, நாற்காலிக்கு வருகிறேன். அதை மூடநம்பிக்கை என்று திட்டி உங்களைத் திருத்தும் எண்ணம் எனக்கில்லை. ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் உட்கார்ந்திருப்பவன் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் வேலை அது. நாற்காலியைவிட்டு எழக்கூடாது, சட்டையை மாற்றக்கூடாது, ஒண்ணுக்கு வந்தாலும் ஓவர் முடியட்டும். நாமும் ஆட்டத்தில் இருக்கிறோம் என்று ஒரு நினைப்பு. ஜெயித்தால் அதில் சின்னப் பங்கு கிடைக்கிறது. தோற்றால்தான் சிக்கல், பழியிலும் பங்கு வந்துவிடுகிறது.

என் வீட்டில் அந்த வேலை அம்மாவுக்கு விழுந்தது. அம்மா டிவி முன்னால் வந்தால் விக்கெட் போகும் என்று எப்போதோ எங்களில் யாரோ கண்டுபிடித்தோம். நாலைந்து தடவை அப்படி நடந்திருக்கலாம், நடக்காத நூறு தடவையை யார் எண்ணினார்கள்? அம்மாவுக்குக் கிரிக்கெட் பிடிக்கும். கவாஸ்கர் காலத்திலிருந்து ரேடியோவில் கேட்டவர். 2011 ஏப்ரல் 2, மும்பையில் இலங்கையோடு உலகக் கோப்பை இறுதிப்போட்டி. 275 இலக்கு. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து நின்றார். மலிங்காவின் இரண்டாவது பந்து, சேவாக் எல்பிடபிள்யூ. நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில், "அம்மா, நீ உள்ள போ!"

சிரித்துக்கொண்டேதான் போனார். மீதி ஆட்டம் முழுக்க அடுக்களையில் இருந்தார். டெண்டுல்கர் 18-ல் அவுட்டானபோது, "நான் வரலைடா, நான் வரலை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கம்பீர் 97 அடித்ததையும் தோனி சிக்ஸர் அடித்து முடித்ததையும் எங்கள் கூச்சலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். 28 வருஷத்துக்குப் பிறகு வந்த கோப்பை. வெளியே வெடிச் சத்தம் கேட்டபிறகுதான் "வரலாமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலை ஹைலைட்ஸில் அந்த சிக்ஸரைப் பார்த்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தோற்ற மேட்ச்சுகள் பலவற்றை நான் மறந்துவிட்டேன், ஜெயித்த இந்த மேட்ச்சை நினைத்தால் இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் அழுகையைவிட மச்சினர்தான் என்னைத் தொந்தரவு செய்கிறார். தோல்விக்கு ஒரு ஆள் தேவைப்படுவது பழைய வியாதி. 1950-ல் பிரேசில் மரக்கானா மைதானத்தில் கால்பந்து உலகக் கோப்பையை உருகுவேயிடம் 2-1 என்று இழந்தது. டிரா செய்திருந்தாலே கோப்பை அவர்களுக்கு. கோல்கீப்பர் பார்போசா மேல் மொத்தப் பழியும் விழுந்தது. என் நாட்டில் அதிகபட்சத் தண்டனையே முப்பது வருஷம்தான், நான் ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் சொன்னார். நீங்கள் நல்லவர், தோனியைத் திட்டவில்லை, தாகூரைத் திட்டவில்லை. ஒரு நாற்காலியோடு நிறுத்திக்கொண்டீர்கள். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தாரே.

ஒரு சின்னக் கேள்வி. அதே 2019, ஜூலை 10, மான்செஸ்டரில் நியூசிலாந்தோடு அரையிறுதி. தோனி மறுபடி ரன் அவுட், இந்த முறை கப்டில் எறிந்தது. அன்று உங்கள் மச்சினர் எங்கே இருந்தார்? உங்கள் வீட்டில் இல்லை, நீங்கள்தான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டீர்களே.

உங்கள் கடிதத்தால் அந்த இறுதிப்போட்டியின் கடைசி ஐந்து ஓவரை நேற்று உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் பார்க்காமல் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பது வேறு மேட்ச், அங்கே நடந்தது வேறு. 30 பந்தில் 62 வேண்டும். மலிங்கா ஓவரில் 20. பும்ரா நாலே ரன் கொடுக்கிறார். குருணால் பாண்ட்யா ஓவரில் வாட்சன் வரிசையாக மூன்று சிக்ஸர், மறுபடி 20. பத்தொன்பதாவது ஓவரை பும்ரா அற்புதமாகப் போட்டுவருகிறார், அதன் கடைசிப் பந்தை விக்கெட் கீப்பர் டி காக் விட்டுவிட, பைஸில் நாலு ரன்! வாட்சனுக்கு ஏற்கெனவே கேட்ச்சும் விட்டிருந்தார்கள். மூன்று ஓவரில் 42 ரன் கொடுத்த மலிங்காவிடமே மும்பை கேப்டன் ரோஹித் சர்மா கடைசி ஓவரைக் கொடுக்கிறார். வேண்டியது 9 ரன். நாலாவது பந்தில் ரெண்டாவது ரன்னுக்கு ஓடி வாட்சன் ரன் அவுட். அடுத்த பந்தில் தாகூர் ரெண்டு ரன். அப்புறம் அந்த மெதுவான யார்க்கர். நீங்கள் ஏழு ஓவர் முன்னால் நடந்த ஒரு ரன் அவுட்டிலேயே நின்றுவிட்டீர்கள். அதுகூட ஓவர் த்ரோவில் கூடுதலாக ஒரு ரன் திருடப் போய் வந்தது. இஷான் கிஷன் எறிந்தது நேராக ஸ்டம்பில் பட்டது, தேர்டு அம்பயர் எத்தனையோ கோணத்தில் பார்த்தும் திணறித்தான் முடிவு சொன்னார்.

இரண்டு அணியும் கோப்பையை மாற்றி மாற்றி அடுத்தவரிடம் நீட்டிக்கொண்டிருந்தோம், ஒரு தப்பு குறைவாகச் செய்தவர்கள் ஜெயித்தார்கள் என்கிற மாதிரி தோனி பரிசளிப்பின்போது சொன்னார். அன்று எனக்கு அது எரிச்சலாக இருந்தது, இந்த மனுஷனுக்கு வலிக்கவே வலிக்காதா என்று. நேற்று பார்த்தபோது சரியான கணக்கு என்று பட்டது. தாகூர் அந்தப் பந்தைத் தட்டிவிட்டு ரெண்டு ஓடியிருந்தால், மும்பையில் ஒருவர் டி காக்கின் நாலு ரன்னுக்காகத் தன் மச்சினரோடு பேசாமல் இருந்திருப்பார்.

2023 கோப்பை ஏன் இதை ஆற்றவில்லை என்றும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். அது வேறு கணக்கு. அன்று குஜராத்தோடு இறுதிப்போட்டியில் ஜடேஜா கடைசி ரெண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்தபோது பந்து போட்டது மோகித் சர்மா, 2014-ல் நமக்காகவே அதிக விக்கெட் எடுத்தவர். நம் அணியை 96 ரன் அடித்து மிரட்டிய சாய் சுதர்சன் சென்னைப் பையன். அந்த ராத்திரி நான் துள்ளிக் குதித்தேன், மறைக்கவில்லை. ஆனால் இருந்த பாக்கியை அது அடைக்கவில்லை.

மகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சிரிப்பாள். அடுத்த மேட்ச்சுக்கு மச்சினரைக் கூப்பிடுங்கள், அதற்கு முந்தின நாளே கூப்பிட்டு அந்தக் கடைசி ஓவரை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தாலும் சரிதான். அவரிடமும் நாற்காலி விவகாரத்தைச் சொல்லலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த நாற்காலி நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீலம் மும்பையின் நிறம். மஞ்சள் சட்டைக்காரர் பன்னிரண்டு ஓவர் நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அவர் திருப்பிக் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.