முண்ணாண் மின்தூண்டலில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் தங்கச்சிக்கு

தங்கச்சி, உம்முடைய கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்கிறேன். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்து, இன்டேர்ன் முடித்து, பிளாப் (வெளிநாட்டு டொக்டர்களுக்கான பிரித்தானியத் தகுதிப் பரீட்சை) எழுதி, சில மாதங்களுக்கு முன் இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர். நியூரோசர்ஜன் (மூளை, நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர்) ஆக வேண்டும், முண்ணாணுக்கு, அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டுக்கு, மின்துடிப்புக் கொடுத்து வலியைத் தணிக்கும் சிகிச்சையில் ஆராய்ச்சி செய்ய வேண்டும், 2009 இல் முதுகில் செல் (எறிகணை) துண்டு பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காமல் போன மாமாவுக்கு அது உதவ வேண்டும், பிறகு அதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். "இது நடக்கிற காரியமா அக்கா?" என்று கேட்டிருந்தீர்.

மாமாவின் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலில் தொட்டால் தெரியாது, ஆனால் நெருப்பாய் எரியுது என்கிறார் அல்லவா? முண்ணாண் முழுதாகச் சிதைந்தவர்களுக்கு வரும் இந்த எரிவுக்கு மின்தூண்டல் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. நல்ல பலன் பெறுபவர்கள் வேறு ஆட்கள்: முதுகில் சத்திரசிகிச்சை செய்தும் கால்வலி மாறாதவர்கள், நீரிழிவால் கால் எரிவு உள்ளவர்கள் (இவர்களுக்குக் கொடுப்பது அண்மைக் காலமாகத்தான்). யூரியூபில் சக்கர நாற்காலியிலிருந்து எழும்பி நிற்கிறவர்களையும் நடக்கிறவர்களையும் பார்த்திருப்பீர். அமெரிக்காவில் லூயிவில் குழு 2011 இலும், சுவிசில் லொசான் குழு 2018 இலும் வெளியிட்டவை அந்த வகை. அது வலிக்கான தூண்டல் இல்லை, அசைவுக்கானது. மாதக்கணக்கான பயிற்சியோடு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களில் செய்தது. மாமாவுக்கு அதைக் காட்டி ஆசை வளர்க்க வேண்டாம். (லொசானில் அந்த மின்வாய்களைப் பதித்தவர் ஜோசலின் புளொக் என்ற பெண் நியூரோசர்ஜன். பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவருமா என்று அம்மா கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லும்.) மாமாவுக்கு எரிவு திடீரென்று கூடினால் சலத்தொற்று, படுக்கைப் புண், மலச்சிக்கல் மூன்றையும் பார்க்கச் சொல்லும். உணர்ச்சியில்லாத எல்லை மேலே ஏறி வந்தால் முண்ணாணுக்குள் நீர்க்குழி உண்டாகியிருக்கலாம், எம்.ஆர்.ஐ தேவைப்படும். செல் துண்டு இன்னும் உள்ளே இருந்தால் அதை எம்.ஆர்.ஐக்கு முன்பே அங்குள்ளவர்களிடம் சொல்ல வேண்டும்.

சரி, துறைக்கு வருவோம். 1965 இல் மெல்சாக், வோல் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் வலிக்கு முண்ணாணில் ஒரு படலை இருக்கிறது என்றார்கள். தொடுகை கொண்டுவரும் பெரிய நரம்புகள் இயங்கினால் படலை சாத்தப்படும், வலி மேலே போவது குறையும். இரண்டே ஆண்டில், 1967 இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நோர்மன் ஷீலி என்ற நியூரோசர்ஜன் ஒரு புற்றுநோயாளியின் முண்ணாணில் மின்வாய் வைத்துப் பார்த்தார். இன்று நாங்கள் செய்வது அதன் பேரப்பிள்ளை.

தியேட்டரில் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரேயில் பார்த்தபடி, இடுப்புக்குச் சற்று மேலே ஊசி வழியாக, நுனியில் மின்வாய்கள் உள்ள மெல்லிய கம்பியை ஏற்றி, நெஞ்சுப் பகுதி முள்ளந்தண்டின் எட்டாம் ஒன்பதாம் எலும்பளவில் நிறுத்துவோம். பழைய முறையில் ஆள் விழித்திருப்பார். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி "எங்கே கூசுது?" என்று கேட்க வேண்டும். விலாவைக் காட்டினால் கம்பி பக்கவாட்டில் போய்விட்டது. சில மில்லிமீற்றர் நகர்த்தினால் முகம் மாறும், "இப்ப சரியாக நோகிற இடத்தில்" என்பார். பிறகு சில நாள் வெளியே இணைத்துச் சோதித்து, பலன் இருந்தால்தான் பற்றரியை உடலுக்குள் வைப்போம்.

ஆராய்ச்சியின் சிக்கல் அந்தக் கூச்சத்தில்தான் இருந்தது. கூசினால் இயந்திரம் ஓடுது என்று ஆளுக்குத் தெரிந்துவிடும், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட வழியில்லை. இப்போது கூச்சமே தெரியாத துடிப்பு முறைகள் வந்துவிட்டன. பத்தாயிரம் ஹேர்ட்ஸ் கருவிக்கு அமெரிக்காவில் 2015 இல் அனுமதி கிடைத்தது. ஆகவே உண்மையில் வேலை செய்கிறதா என்று மறைத்து வைத்துப் பார்க்கலாம். நோர்வேயில் 50 பேரில் அப்படிப் பார்த்து 2022 இல் வெளியிட்டார்கள். வெடிப்பு வெடிப்பாக வரும் துடிப்புக்கும் வெறும் போலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கம்பனிகளுக்கு அது கசப்பு. எனக்கோ, நீர் வருவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்று தோன்றுகிறது. புதுக் கருவி கண்டுபிடிக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், சந்தேகப்பட்டுச் சோதிக்கத்தான் ஆள் குறைவு.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த வாழ்க்கை கிருஷ்ண குமாருடையது. இந்தியாவில் பிறந்தவர். கனடாவில் றெஜைனா என்ற, பனி மூடிய நடுத்தர நகரத்தில் நியூரோசர்ஜனாக இருந்தார். தான் கம்பி வைத்தவர்களை விடாமல் பின்தொடர்ந்து, 22 ஆண்டில் 410 பேரின் பலாபலனை எழுதினார். பிறகு பல நாடுகளில் 100 பேரில் நடந்த ஆய்வை முன்னின்று நடத்தி 2007 இல் வெளியிட்டார். ஆறு மாதத்தில் கால்வலி பாதியாவது குறைந்தவர்கள் கம்பி வைத்தோரில் 48 சதவீதம், வழமையான மருத்துவத்தில் 9 சதவீதம். மறு ஆண்டு எந்தச் சிகிச்சையை அரசு மருத்துவத்தில் கொடுக்கலாம் என்று சொல்லும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆனால் கூசும் காலத்து ஆய்வு அது, மறைப்பு இல்லை. இதையும் நோர்வேயையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியும்.

இனி வழி. இங்கே இங்கிலாந்தில் நியூரோசர்ஜரிப் பயிற்சி எட்டு ஆண்டு, முனைவர் பட்டம் செய்தால் இன்னும் மூன்று. இடங்கள் மிகச் சொற்பம். 2025 இல் அரசு வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்திலேயே இங்கு படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு பொறி: நியூரோசர்ஜரியில் பயிற்சி இடமில்லாமல் ஆண்டுக்கணக்காக இடைக்கால வேலை செய்தால் மதிப்புக் கூடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஆனால் பயிற்சியின் முதற்படிக்கு விண்ணப்பிக்க அனுபவத்துக்கு உச்சவரம்பு உண்டு. தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் அந்த விதியை வாசியும்.

வலிதான் உம்மை இழுக்கிறது என்றால் மயக்க மருந்துத் துறை வழியாக வலி மருத்துவத்துக்குப் போவதையும் யோசியும். இங்கே ஊசி வழியாகக் கம்பி வைப்பவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான். எலும்பை வெட்டித் தட்டை மின்வாய் வைக்கத்தான் நியூரோசர்ஜன்களான எங்களைத் தேடுவார்கள். நியூரோசர்ஜன் என்றால் இரவு இரண்டு மணிக்குத் தலையில் அடிபட்டவரும் உமக்குத்தான். ஊர் ஊராக மாற்றுவார்கள், கலியாணம் பேச வருகிறவர்களுக்கு அதை விளங்கப்படுத்துவது தனிப் பாடு. அந்த இரவுகளும் பிடிக்க வேண்டும். வலிக் கிளினிக்கை மட்டும் நினைத்து இந்தப் பயிற்சியைத் தாங்க முடியாது.

ஊருக்குக் கொண்டுபோவது பற்றி. கருவிக்கு மட்டும் பல ஆயிரம் பவுண்ஸ். அதையும் யாராவது சங்கம் வைத்துச் சேர்த்துவிடலாம். கம்பி நகரும், கிருமி பிடிக்கும், துடிப்பை அடிக்கடி திருத்த வேண்டும், பற்றரி முடியும். வன்னியில் மாங்குளத்தில் இருக்கும் ஒருவருக்கு அதை யார் பத்து வருடம் பார்ப்பது? அந்தக் கேள்விக்கு விடை இருக்கும் இடம் அங்கேயே ஒழுங்காக நடக்கும் வலிக் கிளினிக், அதன் பதிவேடு. அதை நோக்கித்தான் போக விருப்பம் என்றால், கொழும்பில் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் வழியாகப் படித்து, வெளிநாட்டுப் பயிற்சிக்கு இங்கே வந்து, திரும்புவதும் கௌரவமான பாதைதான். அதில் ஒரு குறையும் இல்லை, இங்கே இருப்பவர்கள் என்ன சொன்னாலும்.

இப்போதைக்கு உம்முடைய ஆஸ்பத்திரியில் வலிக் கிளினிக் எந்த நாள் என்று விசாரித்து, விடுமுறை நாளொன்றில் அனுமதி கேட்டுப் பின்னால் ஒரு கதிரையில் இரும். புது நோயாளிகளை விட, கம்பி வைத்து ஐந்தாறு வருடமானவர்கள் வரும் நாளாகப் பார்த்துப் போம்.