தடய அறிவியல் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது; குமரி மாவட்டத்தில் அதனால் வழக்குகள் மாறுமா?

நாகர்கோவிலில் சட்டம் படிக்கும் ஒருவரின் கேள்வி இது: 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வருவது கட்டாயமாகிறதே, இனி நிரபராதிகள் தண்டிக்கப்படுவது குறையுமா?

குறைய வழி இருக்கிறது. ஆனால் பொருளை எடுத்து, உலர்த்தி, உறையிட்டு, சீல் வைக்கும் முதல் சில மணி நேரம் பிழையாகப் போனால், பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

1.7.2024 முதல் அமலில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவுதான் நீங்கள் சொல்வது. மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. என் பார்வையில் 105-ஆவது பிரிவும் அதே அளவு முக்கியம். சோதனை, பறிமுதல், பட்டியல் தயாரிப்பு, சாட்சிகளின் கையெழுத்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. மகஜரில், அதாவது சம்பவ இடத்தில் எழுதும் பறிமுதல் ஆவணத்தில், கையெழுத்திட்ட சாட்சி பிறழ்ந்தால் வழக்கே சாய்வது நம் நீதிமன்றங்களில் பழகிப்போன காட்சி. பொருள் தானே பேசும் நிலை வந்தால், அடித்து வாக்குமூலம் வாங்கும் தேவையே எழாது. சீர்திருத்தத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இனி நம் ஊர்ச் சிக்கல். இரண்டு பருவமழையும் பெய்யும், கடற்காற்றும் ஈரம் சுமந்து வரும் மாவட்டம் இது. ரத்தம் தோய்ந்த கைலியை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால், சில நாளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏ-வைச் சிதைத்துவிடும். கூரைக்குக் கீழே, வெயில் படாமல், சுத்தமான தாள் விரித்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக உலர்த்த வேண்டும். அவசரத்துக்கு அயர்ன் பாக்ஸ் வைக்கக் கூடாது. சூடும் டிஎன்ஏ-வுக்கு எதிரி. மடிப்புக்கு நடுவே தாள் வைத்து, காகித உறையில்தான் போட வேண்டும். அடுத்த பொருளைத் தொடுமுன் கையுறையை மாற்ற வேண்டும்.

இதில் தவறினால் அறிக்கை 'டிஎன்ஏ பெற இயலவில்லை' என்று வரும். இதைப் 'பொருந்தவில்லை' என்று படிப்பவர்கள் உண்டு, இரண்டும் வேறு. முதலாவதில் குற்றவாளி தப்பலாம், நிரபராதியை விடுவித்திருக்கக்கூடிய ஒரே ஆதாரமும் அழிந்திருக்கலாம்.

சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கைக் கட்டாயம் படியுங்கள். 2011-இல் நடந்த அந்தக் கொலைகளுக்காக மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகள் யார் கையில், எப்போது, எப்படி இருந்தன என்ற சங்கிலி நிரூபிக்கப்படாததும் ஒரு காரணம். அதோடு நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது: எடுத்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகம் சேர வேண்டும், தாமதமானால் காரணம் பதிய வேண்டும், விசாரணை நீதிமன்ற அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது, கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும். நாகர்கோவிலிலிருந்து நெல்லை ஆய்வகம் ஏறக்குறைய 80 கி.மீ.; சென்னை என்றாலும் ஓர் இரவு ரயில் பயணம். ஆகவே தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. தாமதம் அலமாரியில்தான் நடக்கிறது.

நீரில் கிடைக்கும் உடல்கள் இங்கே தனிக் கவனம் கேட்பவை. குழித்துறைத் தாமிரபரணியில் விழுந்தவரின் உடல் தேங்காப்பட்டினம் கடலோரத்தில் ஒதுங்கலாம். உயிரோடு மூழ்கினால், நீரோடு நுரையீரலுக்குள் போகும் டயாட்டம் என்ற நுண்பாசி ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை சேரும். தொடை எலும்போடு, விழுந்ததாகச் சொல்லப்படும் இடம், ஆறு கடலில் சேரும் பொழிமுகம், உடல் கிடைத்த கரை என்று ஒவ்வோரிடத்து நீரையும் தனித்தனிச் சுத்தமான பாட்டிலில் அனுப்ப வேண்டும். நீர் மாதிரி இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. கருவிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள டயாட்டமே மாதிரியில் ஏறிவிடும். காய்ச்சி வடித்த நீர் வேண்டும். டயாட்டம் இல்லை என்பதற்காக மூழ்கவில்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

விஷச் சந்தேகமென்றால் உள்ளுறுப்புகளைப் பாதுகாக்கப் பெரும்பாலும் பூரித உப்புக் கரைசல், அதாவது இனி கரையாத அளவுக்கு உப்பு கரைத்த நீர். ஃபார்மலின் ஊற்றினால் பல விஷங்களைப் பிரித்தெடுப்பது கடினம். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், இல்லையேல் வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும். பயன்படுத்திய கரைசலின் மாதிரியும் தனியே போக வேண்டும். போகாவிட்டால் 'விஷம் கரைசலிலேயே இருந்தது' என்ற வாதத்துக்குப் பதில் இருக்காது.

காவல் நிலையத்துக்குள் நடப்பதற்கும் இதே கண்டிப்பு தேவை. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் சிசிடிவி வைத்து, பதிவுகளை 18 மாதம், இயலாத இடத்தில் குறைந்தது ஓராண்டு, காக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்தபோது, பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் பதிவு செய்தார். ஆகவே காவலில் காயம் என்று தெரிந்த அன்றே பதிவைப் பாதுகாக்கக் கோரி மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுங்கள். நகல் எடுக்கும்போது டிவிஆர் என்ற பதிவுக் கருவியின் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும், கோப்பு மாற்றப்பட்டால் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் மதிப்பு என்ற குறியீட்டையும் மகஜரிலேயே எழுதச் சொல்லுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், நிபுணர் என இருவர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.