உங்களுடன் பணியாற்றியவர்களில் நீங்கள் இன்றும் நன்றியோடு நினைப்பவர் யார்?

தமிழகப் பொது நூலகத் துறையில் என்னை வேலைக்குப் பழக்கிய மூத்த நூலகரைத்தான் சொல்வேன். நாங்கள் அனைவரும் அவரை அக்கா என்றே அழைத்தோம். இப்போது அவர் இல்லை.

கிளை நூலகம் என்றால் காலையில் நாளிதழ் படிக்கும் பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். முதியோர் உதவித்தொகை ஏன் நின்றது, குளம் தூர்வார ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று அலுவலகம் அலுவலகமாக அலைபவர்களும் அங்கே வர வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்களுக்குக் கதைப் புத்தகம் மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேட்பார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது, பலரும் அதை மனுப் போடுவதற்கான சட்டமாகவே பார்த்தார்கள். அக்கா பிடித்துக்கொண்டது 4ஆவது பிரிவை. யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டிய விவரங்களை அப்பிரிவு வரிசையாகச் சொல்கிறது. பொதுமக்களுக்கென நூலகமோ படிப்பகமோ இருந்தால் அதன் வேலைநேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. சட்டமே நூலகத்தை நினைத்திருக்கும்போது நாம் சும்மா இருக்கலாமா என்று சொல்லி, அக்கம்பக்கத்து அலுவலகங்களுக்கு விடாமல் கடிதம் எழுதி, கிடைத்த பயனாளிகள் பட்டியல்களையும் வரவு செலவு விவரங்களையும் ஆண்டுவாரியாகக் கோத்து, நாளிதழ் மேசைக்கு எதிரே பூட்டில்லாத அலமாரியில் வைத்தார். பக்கங்கள் காணாமல் போகுமே என்று நான் தயங்கியபோது, போனால் மறுபடி கேட்டு வாங்கலாம் என்றார். (நூல் இருப்புச் சரிபார்ப்பில் அவருக்கு இந்த அளவு ஆர்வம் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; அது பெரும்பாலும் என் தலையில்தான் விழுந்தது.)

இது நூலகர் வேலையா என்று மேலிடத்திலிருந்து ஒருமுறை விளக்கம் கேட்டார்கள். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்ற, நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் இரண்டாம் விதியைக் குறிப்பிட்டு, உதவித்தொகை நின்றுபோன மூதாட்டிக்குரிய நூல் பயனாளிகள் பட்டியல்தான் என்று பதில் எழுதினார். அதன் பிறகு கடிதம் வரவில்லை.

தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு. அது அரசு அலுவலர்களுக்கு விதித்த கட்டுப்பாடு என்றாலும், அக்கா தமக்கும் அதையே விதியாக்கிக்கொண்டார். சாலைப் பணிக் கோப்பை யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் விசாரிக்க வந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்தான் இருக்கும், யார் எதைப் படித்தார் என்பது இருக்காது என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, "நீங்களும் பார்க்கலாம், உட்காருங்கள்" என்று நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

அக்கா ஓய்வுபெற்ற பிறகு அந்த அலமாரியில் புதிய கோப்புகள் சேர்வது குறைந்துவிட்டது. எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே என்கிறார்கள். இந்த ஆண்டின் பட்டியல் இருக்கலாம். உதவித்தொகை நின்ற ஆண்டின் பட்டியலைத் தேடி வருபவருக்கு இன்றும் அந்தப் பழைய கோப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.