அப்பத்தாவுக்கு தாயம், தம்பி துபாய்ல, வீட்ல ரெண்டே போன்: எல்லாரும் சேர்ந்து ஆடுறது எப்படி?

கேள்வி: தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். வீட்டுக்காரர் விசைப்படகுல போறவரு, மீன்பிடி தடைக்காலம் வந்துட்டா வீட்லதான். அதே நேரம் பிள்ளைங்களுக்கும் லீவு, பையனுக்கு 14, பொண்ணுக்கு 9. ஆளுக்கொரு மூலையில போன நோண்டிக்கிட்டு கெடக்குறாங்க. மாமியாருக்கு தாயம்னா உசுரு, ஆனா கூட ஆட ஆளில்ல. தம்பி துபாய்ல வேல பாக்குறான். லூடோ, செஸ், பிசினஸ், கேரம் இதெல்லாம் போன்லயோ டிவிலயோ எல்லாரும் சேர்ந்து விளையாட வழி இருக்கா? ரெண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு ஸ்மார்ட் டிவி இருக்கு, வைஃபை கிடையாது. பையன் கேம் மெஷின் வாங்கித் தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வாங்கலாமா?

பதில்:

அக்கா, மொதல்ல மெஷின் கதைய முடிச்சிருவோம், வேண்டாம். நிண்டெண்டோ ஸ்விட்ச்னு ஒரு கேம் மெஷினுக்கு 2020ல ஒரு தொகுப்பு வந்துச்சு, அதுல 51 ஆட்டம், லூடோ, செஸ், கேரம், நம்ம பல்லாங்குழிக்கு சொந்தக்கார ஆட்டமான மன்கலா வரைக்கும் இருக்கு, நல்ல சரக்குதான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த கம்பெனி இந்தியாவுல நேரடியா விக்கிறதில்ல, ரிப்பேருன்னா யாரத் தேடிப் போறது, அதுவும் உப்புக்காத்துல இரும்புக் கட்டிலே துருப்பிடிக்கிற ஊர்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கரையில நிக்கிறப்போ பெரிய காச இதுல போட வேண்டாம். இருக்குற போனும் டிவியுமே தாராளம்.

எந்த ஆட்டம்னு தேர்ந்தெடுக்குறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க, படம் அழகா இருக்கா, எத்தன ஸ்டார் குடுத்திருக்காங்கன்னு பாத்து இறக்கிடுறாங்க. நீங்க ஒரே ஒரு விஷயம் பாருங்க: இந்த ஆட்டத்துல என் கையில இருக்குறத அடுத்தவங்க பாக்கலாமா கூடாதா? லூடோ, தாயம், பாம்பு ஏணி, செஸ், ஆடுபுலி, பிசினஸ் எல்லாத்துலயும் எல்லாமே கண்ணு முன்னாடி கெடக்கு, ஒளிக்க ஒண்ணுமில்ல, அதனால ஒரே போன சுத்தி உக்காந்து ஆடலாம். ஊனோ, ரம்மி, ஸ்கிராபிள் இதுல எல்லாம் கையில இருக்குறத மறைக்கணும், அப்போ ஆளுக்கொரு போன் வேணும், ஆளுக்கொரு போன்னா மறுபடியும் ஆளுக்கொரு மூலைதான், நீங்க எழுதியிருக்குற பிரச்சினையே அதுதானே. சீட்டு ஆடணும்னு தோணுச்சுன்னா கடையில ஒரு கட்டு வாங்கிப் போடுங்க, போன்ல வேண்டாம்.

ஆரம்பிக்க லூடோதான் சரி. 2016ல வந்த லூடோ கிங்கே போதும், இந்தியக் கம்பெனி பண்ணது, நெட்டே இல்லாம ஓடும். உள்ள போனதும் ஆன்லைன்னு இருக்குற பக்கம் போகாதீங்க, அது யாரோ முகம் தெரியாத ஆளோட கோத்து விடும். பாஸ் அண்ட் பிளேன்னு இருக்கும், அதான் ஒரே போன்ல மாத்தி மாத்தி ஆடுறது. இதுல தொல்லையே விளம்பரந்தான், ஒரு ஆட்டம் முடிஞ்சா போதும் வந்து நிக்கும், அப்பத்தா தெரியாம அத அமுக்கி எங்கேயோ போயி நிப்பாங்க. அதுக்கு ஏரோபிளேன் மோட போட்டுருங்க, நெட் இல்லேன்னா விளம்பரம் பெரும்பாலும் வராது, நடுவுல போன் கால் வந்து ஆட்டமும் கெடாது. அவசரத்துக்கு இன்னொரு போன் ஆன்ல இருக்கட்டும்.

அப்பத்தாவுக்குன்னு சில விஷயம் இருக்கு. வயசானவங்க ஸ்கிரீன தொடுறப்போ மாவு பெசையுற மாதிரி அழுத்தி விரல எடுக்காம வச்சிருப்பாங்க, போன் அத வேற கட்டளைன்னு நெனச்சிக்கும், பகடை உருளாது, "இது எனக்கு மட்டும் ஓட மாட்டேங்குது"ன்னு எந்திரிச்சிருவாங்க. நகத்தால இல்லாம விரல் நுனியால தட்டிட்டு ஒடனே எடுக்கணும்னு பேத்தி பக்கத்துல உக்காந்து பழக்கி விட்டா ரெண்டு ஆட்டத்துல பிடிச்சிருவாங்க. காய் கலர் குடுக்குறப்போ சிவப்ப குடுங்க. கண்புரை ஆரம்பிச்ச கண்ணுக்கு நீலம் மங்கலா தெரியும், மஞ்ச காய் வெள்ளக் கட்டத்துல நின்னா கண்டுபிடிக்கவே முடியாது. வெளிச்சத்த ஃபுல்லா வச்சு, ஸ்கிரீன் தானா அணையுற நேரத்தையும் கூட்டி விட்டுருங்க.

அப்புறம் கட்டாயம் ஒரு சண்டை வரும், எங்க போனாலும் வர்றதுதான். தாயம் ஆடிப் பழகுன கைக்கு லூடோ சப்புன்னு இருக்கும். தாயத்துல ஒரு வெட்டாவது வெட்டுனாத்தான் உள்ள போய் பழம் எடுக்க முடியும், லூடோவுல அது கிடையாது, யாரையும் வெட்டாமலே ஒருத்தி ஜெயிச்சிட்டு போவா, அப்பத்தா ஒத்துக்க மாட்டாங்க. தாயம்னே பேரு போட்டு ஆப் நெறைய இருக்குதான், ஆனா ஊருக்கு ஊரு தெருவுக்குத் தெரு ரூல் மாறுற ஆட்டம் அது, ஆப் பண்ணவன் அவன் ஊரு ரூலத்தான் போட்டிருப்பான். இறக்குனதும் செட்டிங்ஸ்ல வெட்டு கட்டாயமா, எந்த எண்ணுக்கு மறு ஆட்டம்னு இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா தூக்கிருங்க. எனக்கு கேட்டா தாயத்த மட்டும் தரையில சாக்பீஸ்ல கட்டம் போட்டு நெசக் கட்டைய உருட்டியே ஆடுங்கன்னுதான் சொல்லுவேன், பித்தளைக் கட்டை தரையில விழுற சத்தத்துக்கு எந்த ஆப்பும் ஈடு கிடையாது.

இன்னொரு சண்டை, "கம்ப்யூட்டர் கள்ளாட்டம் ஆடுது, எனக்கு ஆறே போட மாட்டேங்குது". இதுக்கு கணக்கு இருக்கு, பையனயே போட்டுப் பாக்கச் சொல்லுங்க, லீவுல கொஞ்சம் படிச்ச மாதிரியும் ஆச்சு. சரியான பகடையிலயே பத்து தடவ உருட்டி ஒரு ஆறு கூட விழாம போறதுக்கு நூத்துக்கு 16 சான்ஸ் இருக்கு. நாலு பேரு ஆடுனா அதுல யாராவது ஒருத்தருக்கு இப்படி ஆகுறதுக்கு பாதிக்குப் பாதி. அதாவது ரெண்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம் ஒருத்தர் மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கத்தான் செய்வாரு, போன குத்தம் சொல்லிப் பிரயோசனமில்ல. தாயத்துல இன்னும் மோசம், ரெண்டு கட்டையில தாயம் விழ எட்டுல ஒரு சான்ஸ்தான், அதுக்கெல்லாம் அப்பத்தா கட்டைய திட்டுறதில்ல பாருங்க, போனத்தான் திட்டுவாங்க.

நாலஞ்சு பேரு ஆனா போன் ஸ்கிரீன் பத்தாது, டிவியில போடுங்க. வைஃபை இல்லேன்னு கவலப்படாதீங்க, நெறைய ஆண்ட்ராய்டு போன்ல ஸ்கிரீன் காஸ்ட், ஸ்மார்ட் வியூன்னு ஏதாவது பேர்ல ஒரு வசதி இருக்கும், அது போனுக்கும் டிவிக்கும் நேரா பேசிக்கும், நெட்டே தேவையில்ல. ஏரோபிளேன் மோட போட்டுட்டு வைஃபை பட்டன மட்டும் தனியா ஆன் பண்ணுங்க, டிவியில ஸ்கிரீன் மிரரிங் திறந்து வைங்க, போன்ல டிவி பேரு வரும். சில டிவி ரெண்டும் ஒரே வைஃபையில இருந்தாத்தான் ஒத்துக்கும், அப்போ ரெண்டாவது போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ஆடுற போனையும் டிவியையும் அதுல சேத்துருங்க, படம் வீட்டுக்குள்ளேயே போறதால டேட்டா பெருசா ஓடாது, ஆனா இப்ப நெட் இருக்குறதால விளம்பரம் எட்டிப் பாக்கும், பொறுத்துக்கணும். கடையில டைப் சி டு எச்டிஎம்ஐ கேபிள்னு ஒண்ணு தலையில கட்டப் பாப்பாங்க, கம்மி விலை போன் பெரும்பாலானதுல அது வேலையே செய்யாது, வாங்குறதா இருந்தா உங்க போன்லயே மாட்டிக் காட்டச் சொல்லுங்க. டிவியில படம் அர நொடி லேட்டா வரும், லூடோவுக்கு அது பொருட்டே இல்ல.

கேரமுக்கு அது பொருட்டுதான், அதனாலதான் கேரம போன்ல ஆட வேண்டாம்கிறேன். விரல இழுத்து விட்டா ஒரு கோடு காட்டுது, அந்தக் கோட்டுலயே காய் போகுது, அதுல கேரம் எங்க இருக்கு? கைதான் அந்த ஆட்டமே. சென்னைப் பொண்ணு காசிமா 2024ல அமெரிக்கா போயி உலகக் கேரம்ல மூணு தங்கம் வாங்குனது கோட்டப் பாத்து இல்ல. செலவழிச்சே ஆகணும்னா மெஷினுக்கு பதிலா ஒரு நல்ல போர்டு வாங்குங்க, கொஞ்சம் கனமான பிளைவுட்டா பாத்து. ஆடி முடிச்சதும் ஜன்னலோரமா சாத்தி வைக்காதீங்க, கடக்காத்து ஈரத்துல மூல ஊறி வளைஞ்சிரும்.

இப்ப தம்பிக்கு வருவோம். லூடோவுலயே ரூம் போட்டு அந்த நம்பர அவருக்கு அனுப்புனா அங்க இருந்து சேந்துக்கலாம், ஆனா இதுல ஒரு போனுக்கு ஒரு கலர்தான், ஒரே போன்ல ரெண்டு பேரு தனித்தனியா ஆட முடியாது. அதனால அணி பிரிங்க, அப்பத்தாவும் பேத்தியும் ஒரு போன், நீங்களும் வீட்டுக்காரரும் பையனும் ஒரு போன், தம்பி அங்க ஒண்டியா. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, நம்ம ராத்திரி 9 மணி அவருக்கு ஏழரை, ட்யூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்திருப்பாரு. வாட்ஸப் கால் அந்த நாட்டுல போகாதுன்னு உங்களுக்கே தெரியும், எப்பவும் பேசுற போட்டிம் ஆப்லயே பேசிக்கிட்டு ஆடுங்க, வீடியோ வேண்டாம் வெறும் குரல் போதும், டேட்டாவ தின்னுறது வீடியோதான், லூடோ இல்ல. சிக்னல் விட்டு விட்டு வந்தா நேரத்துக்குள்ள உருட்ட முடியாம முறை போயிரும், அந்த மாதிரி நாள்ல இத விட்டுருங்க.

அதுக்கு செஸ் இருக்கு. குகேஷ் 2024ல உலக சாம்பியன் ஆனதுல இருந்து உங்க பையன் வயசுப் பசங்களுக்கு செஸ் மேல ஒரு கண்ணு இருக்கும். லிசெஸ்னு ஒரு ஆப், காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, நெசமாவே கிடையாது. அதுல ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள்ல இருந்து 14 நாள் வரைக்கும் டைம் வச்சுக்கலாம். மாமன் காலையில ஒரு காய நகத்திட்டு வேலைக்குப் போயிருவாரு, மருமகன் சாயங்காலம் யோசிச்சு பதில் ஆடுவான், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காரணும்னு இல்ல. ட்யூட்டி நேரம் மாறி மாறி வர்ற ஆளோட ஆட இத விட தோதான ஆட்டம் கிடையாது. சின்னவளும் ஆடுனா அவ அக்கவுண்ட்ல குழந்தைகள் மோட ஆன் பண்ணி விட்டுருங்க, வெளியாள் மெசேஜ் போட முடியாது.

பிசினஸ் வேணும்னா ஒண்ணு கவனிங்க, அதோட ஒரிஜினல் பேரு மோனோபோலி. ஆப் தேடுனா மோனோபோலி கோன்னு 2023ல வந்தது ஒண்ணு மேலாப்ல நிக்கும், பேரு மட்டும்தான் மோனோபோலி, பகடை தீந்து போயிரும், காத்திருக்கணும் இல்ல காசு குடுத்து வாங்கணும், அது குடும்பத்தோட ஆடுற போர்டு ஆட்டமே இல்ல. மார்மலேட் ஸ்டுடியோ போட்ட மோனோபோலின்னு ஒண்ணு இருக்கு, ஒரு தடவ காசு கட்டணும், அதுல ஒரே போன்ல மாத்தி மாத்தி ஆடலாம். இடத்த ஒருத்தர் வாங்கலேன்னா அது ஏலத்துக்கு வரும், நம்ம வீடுகள்ல அப்படி ஆடிப் பழக்கமில்ல, ஆனா அதான் ஒரிஜினல் ரூல், கரையில மீன் ஏலத்த தெனம் பாக்குற உங்க வீட்டுக்காரருக்கு சொல்லித் தர வேண்டியதே இல்ல.

கடைசியா காசு. தடைக்காலத்துல சும்மா இருக்குற ஆம்பளைங்க போனுக்கு "லூடோ ஆடு, பணம் ஜெயி"ன்னு லிங்க் வரும். 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல சட்டமே போட்டாச்சு, திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம் எதையும் நடத்தக் கூடாது, நடத்துனா 3 வருசம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம். அதுக்கப்புறமும் எவனாவது கூப்பிடுறான்னா அவன் திருட்டுப்பய, லிங்க்ல வர்ற ஆப்ப இறக்கவே இறக்காதீங்க, பிளே ஸ்டோர்ல இருந்து மட்டும் எடுங்க. அந்த பிளே ஸ்டோர்லயும் உங்க படத்தத் தொட்டு செட்டிங்ஸ் போனா பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்னு இருக்கும், ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேக்குற மாதிரி வச்சிருங்க. பாஸ்வேர்ட பையன் பக்கத்துல இருக்குறப்போ அடிக்காதீங்க.